எல்லாரையும் கேட்டவர்



டூர் போவது என்று முடிவாகிவிட்டது. எங்கே போவது? இந்தக் கேள்வி நம் பாலிடெக்னிக்கில் எந்தப் பிரிவிலாவது அரை மணி நேரத்தில் முடிந்ததுண்டா? வகுப்பில் அறுபது பேர். நாலு பேர் ஊட்டி என்று கத்துவார்கள். நாலு பேர் மைசூர் என்று பெஞ்சைத் தட்டுவார்கள். மிச்சமிருக்கும் ஐம்பத்திரண்டு பேர் வாயே திறக்கமாட்டார்கள். கை தூக்கச் சொன்னால், பக்கத்தில் இருப்பவன் தூக்குகிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தூக்குவார்கள். எண்ணிப் பார்த்து மைசூர் ஜெயித்தது என்று எழுதிக்கொள்வோம். பணம் கட்டும் நாளில் பார்த்தால் பாதிப் பேரைக் காணோம்!

அந்த ஐம்பத்திரண்டு பேருக்கு உண்மையில் எது பிடிக்கும்? நமக்குத் தெரியாது. சொல்லப்போனால் அவங்களுக்கே சரியாகத் தெரியாது. வீட்டில் பணம் தருவார்களா, கூட யார் வருகிறார்கள், செமஸ்டர் பரீட்சை எப்போது, இதையெல்லாம் பொறுத்து மனசு மாறிக்கொண்டே இருக்கும். காலையில் ஊட்டி, மத்தியானம் மைசூர், சாயங்காலம் டூரே வேண்டாம்.

ஒரு வகுப்பு டூருக்கே இந்தப் பாடு. ஒரு நாட்டின் பிரதமர் தமக்குப் பின் யார் என்று சொல்லாமலே மறைந்துவிட்டால் என்ன ஆகும்? 1964-ல் அப்படித்தான் ஆயிற்று. ஐந்நூறுக்கும் மேற்பட்ட காங்கிரஸ் எம்.பி.க்களின் மனதை அறிந்து சொல்லும் பொறுப்பு, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு விருதுநகர்க்காரரிடம் வந்து சேர்ந்தது. அவர்தான் பெருந்தலைவர் காமராஜர்.

அவர் பள்ளிக்கூடங்கள் திறந்ததும், மதிய உணவு போட்டதும் நமக்கெல்லாம் ஒண்ணாம் கிளாஸிலிருந்தே தெரிந்த கதை. ஒவ்வொரு ஜூலை 15-ம் தேதியும் மேடை போட்டுக் கேட்கிறோம். அதைத் திரும்பவும் எழுதிப் பக்கத்தை நிரப்ப நான் வரவில்லை. ஒரு கூட்டத்தை ஒரே முடிவுக்குக் கொண்டுவர அவர் என்ன செய்தார், அது எங்கே பலித்தது, எங்கே சறுக்கியது என்பதை மட்டும் பார்ப்போம். சறுக்கியதை ஏன் எழுதுகிறாய் என்று சிலர் கோபித்துக்கொள்ளலாம். சறுக்கின இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

காமராஜர் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ம் தேதி பிறந்தார். அப்போது ஊரின் பெயர் விருதுபட்டி. தந்தை குமாரசாமி நாடார், தாய் சிவகாமி அம்மாள். சிறு வயதிலேயே தந்தை தவறிவிட்டார். படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் உட்கார வைத்தார்கள். வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை; காங்கிரஸ் கூட்டம் எங்கே நடந்தாலும் அங்கே போய் நின்றுவிடுவார். பையன் கெட்டுப்போகிறானே என்று திருவனந்தபுரத்தில் இருந்த இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கே போயும் வைக்கம் போராட்டத்தில் கலந்துகொண்டார்! 1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தில் சிறை. அதிலிருந்து 1945 வரை போக வர என்று ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

நம் விஷயம் தொடங்குவது 1940-ல். அந்த ஆண்டு தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் தேர்தல். கட்சி இரண்டு கோஷ்டியாக இருந்தது; ஒரு பக்கம் ராஜாஜி, இன்னொரு பக்கம் சத்தியமூர்த்தி. ராஜாஜி பக்கம் நின்றவர் சி.பி.சுப்பையா. சத்தியமூர்த்தி பக்கம் காமராஜர். ஓட்டு எண்ணிக்கை: காமராஜர் 103, சுப்பையா 100. மூன்றே ஓட்டு! சத்தியமூர்த்தி தலைவராக இருந்தபோது காமராஜர் செயலாளராக இருந்தார். இப்போது குரு செயலாளர், சிஷ்யர் தலைவர்.

103-க்கு 100 என்றால் என்ன அர்த்தம்? சட்டப்படி வெற்றி. ஆனால் மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் போனால் எதிரே இருப்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் உன்னை வேண்டாம் என்றவர்கள். ஓட்டு எண்ணுவதோடு வேலை முடிந்துவிடாது என்பதை 36 வயதில் அவர் கற்றுக்கொண்ட இடம் இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். அதற்கப்புறம் அவர் செய்ததைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

1954-ல் என்ன நடந்தது பாருங்கள். பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் குடும்பத் தொழில் என்ற கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் ராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அடுத்த தலைவருக்கான போட்டியில் காமராஜரை எதிர்த்து நின்றவர் சி.சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜருக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41. இந்தத் தடவை மூன்று ஓட்டு இல்லை, நல்ல பெரும்பான்மை. தன் ஆட்களை மட்டும் வைத்து மந்திரிசபை போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கமுடியாது. அவரோ எதிர்த்து நின்றவரையும் மந்திரியாக்கினார், முன்மொழிந்தவரையும் மந்திரியாக்கினார்.

அதோடு நிற்கவில்லை. அன்றைக்கு வட ஆற்காடு, தென் ஆற்காடு பகுதிகளில் காங்கிரஸுக்கு வெளியே இரண்டு கட்சிகள் செல்வாக்கோடு இருந்தன. ஒன்று மாணிக்கவேலு நாயக்கரின் பொதுநலக் கட்சி, இன்னொன்று ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி. நம்ம திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1989-ல்தானே. அந்த இரு தலைவர்களுக்கும் எட்டே பேர் கொண்ட மந்திரிசபையில் இடம் கொடுத்தார். பிறகு அந்தக் கட்சிகளே காங்கிரஸில் கரைந்துபோயின. இதில் அரசியல் கணக்கு இல்லையா என்று கேட்டால், நிச்சயம் இருந்தது! ஆனால் அந்தக் கணக்கிலும் எதிராளிக்கு ஒரு நாற்காலி இருந்தது. முதலமைச்சரானதும் சட்டசபைக்குள் வர அவர் நின்ற இடைத்தேர்தலும் இதே வட ஆற்காட்டுக் குடியாத்தத்தில்தான். காங்கிரஸை அதுவரை வறுத்தெடுத்த பெரியாரும் அங்கே அவரை ஆதரித்தார்.

பேச்சில் அவர் சிக்கனக்காரர். யாராவது மனு கொண்டுவந்தால் உடனே முடியும் என்றும் சொல்லமாட்டார், முடியாது என்றும் சொல்லமாட்டார். பார்ப்போம் என்கிற அளவில் நிறுத்துவார். அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் ஊர் ஊராகச் சுற்றி, எந்த ஊரில் யாருக்கு யார் மேல் கோபம் என்பது வரை தெரிந்து வைத்திருந்தார். ஒன்பது ஆண்டு ஆட்சியில் அணைகளும் தொழிற்பேட்டைகளும் தொழிற்கல்விக் கூடங்களும் வந்தன. சிவில் நண்பர்கள் பார்த்துவிட்டு வந்து மெச்சிக்கொள்ளும் நம்ம சாத்தனூர் அணை 1958-ல் முடிந்தது அவர் காலத்தில்தான்.

இனி 1963. அந்த ஆண்டில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. திருவண்ணாமலை சட்டமன்றத் தொகுதிக்கு நடந்த இடைத்தேர்தலில் ஆளும் காங்கிரஸ் தோற்று தி.மு.க. வென்றது. வடக்கேயும் அதே ஆண்டு அம்ரோகா, ஃபரூக்காபாத், ராஜ்கோட் ஆகிய மூன்று மக்களவைத் தொகுதிகளை இடைத்தேர்தலில் காங்கிரஸ் இழந்தது. கிருபளானி, லோகியா, மசானி என்று மூன்று பெரிய எதிர்க்கட்சிக்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஜனங்கள் பேசுவது காதில் விழவில்லை என்பது காமராஜருக்குப் புரிந்தது. மூத்த தலைவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குப் போகவேண்டும் என்று நேருவிடம் யோசனை சொன்னார். அதுதான் காமராஜ் திட்டம். ஆறு மத்திய மந்திரிகள், ஆறு முதலமைச்சர்கள் விலகினார்கள். யோசனை சொன்னவரே 1963 அக்டோபர் 2-ம் தேதி தமது முதலமைச்சர் பதவியைத் துறந்தார். மொரார்ஜி தேசாயை ஒதுக்கத்தான் இந்தத் திட்டம் என்ற பேச்சும் அன்றே கிளம்பியது. விலகிய மத்திய மந்திரிகளில் மொரார்ஜியும் ஒருவர், லால்பகதூர் சாஸ்திரியும் ஒருவர். சில மாதங்களிலேயே சாஸ்திரியை நேரு திரும்ப மந்திரிசபைக்கு அழைத்துக்கொண்டார், மொரார்ஜியை அழைக்கவில்லை. பேச்சு வராமல் என்ன செய்யும்?

1964 ஜனவரியில் புவனேசுவரம் காங்கிரஸில் காமராஜர் அகில இந்தியத் தலைவர். அங்கேயே நேருவுக்குப் பக்கவாதம் தாக்கியது. மே 27-ம் தேதி நேரு மறைந்தார். குல்சாரிலால் நந்தா தற்காலிகப் பிரதமர்.

நிரந்தரப் பிரதமர் யார்? மொரார்ஜி நிற்க விரும்பினார். அனுபவம், நிர்வாகத் திறமை, கண்டிப்பு எல்லாம் உள்ளவர். சாஸ்திரி பேரும் அடிபட்டது. ஜகஜீவன்ராம், நந்தா, இந்திரா என்று வேறு பெயர்களும் உலவின. வெளிநாட்டுப் பத்திரிகைகள் இந்தியா சிதறிவிடுமோ என்று பல காலமாக எழுதிக்கொண்டிருந்த சமயம். சீனப் போரில் அடிபட்டு ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. நேரடியாக ஓட்டுப் போட்டு 103-க்கு 100 என்று ஒருவர் வந்தால், அந்தப் பிரதமர் பேச்சை யார் கேட்பார்கள்? காங்கிரஸ் காரியக் கமிட்டி கூடியது. ஒருமித்த கருத்து என்ன என்று விசாரித்துச் சொல்லும் பொறுப்பைத் தலைவர் காமராஜரிடமே விட்டது.

அடுத்து வந்த சில நாட்கள்தான் இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியவை. முதலமைச்சர்கள் வந்தார்கள். காரியக் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். எம்.பி.க்கள் வந்துகொண்டே இருந்தார்கள். காமராஜருக்கு இந்தி தெரியாது. ஆங்கிலம் புரியும், சரளமாகப் பேசமாட்டார். ஆனால் கேட்பதற்கு எவ்வளவு பாஷை வேண்டும்? அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டார். பொதுக்கூட்டத்தில் எழுந்து சொல்லச் சொல்லியிருந்தால் பெரிய தலைவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் எல்லோரும் பேசியிருப்பார்கள், நம்ம வகுப்பில் கை தூக்குகிற மாதிரி. தலைவரிடம் நேரில் போய்ச் சொல்லும்போது ஒருவன் வேறு மாதிரிப் பேசுவான். தனக்கு யார் வேண்டும் என்பதைக் கொஞ்சம் தயங்கிச் சொன்னாலும், யார் வந்தால் தாங்கமுடியாது என்பதைத் தயங்காமல் சொல்லிவிடுவான்.

விஷயம் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. மொரார்ஜியை உயிராக ஆதரித்தவர்கள் இருந்தார்கள். அதே அளவு கடுமையாக வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். சாஸ்திரிக்காக உயிரை விடுகிறவர்கள் அவ்வளவு இல்லை. ஆனால் அவரை வேண்டவே வேண்டாம் என்று சொன்னவர்களும் அநேகமாக இல்லை. எத்தனை பேர் முதலிடம் கொடுக்கிறார்கள் என்று எண்ணினால் ஒரு விடை வரும். எத்தனை பேர் சகித்துக்கொள்வார்கள் என்று எண்ணினால் வேறு விடை வரும். ஒருமித்த கருத்து என்பது இந்த இரண்டாவது எண்ணிக்கை.

கணக்கில் ஆசையுள்ள நண்பர்களுக்காக இங்கே ஒரு சின்னப் புதிர். மூன்று பேர் டூருக்கு இடம் தேடுகிறார்கள். முதலாமவன் வரிசை ஊட்டி, மைசூர், கொடைக்கானல். இரண்டாமவன் வரிசை மைசூர், கொடைக்கானல், ஊட்டி. மூன்றாமவன் வரிசை கொடைக்கானல், ஊட்டி, மைசூர். இப்போது இரண்டிரண்டாக ஓட்டுக்கு விடுங்கள். ஊட்டியா மைசூரா என்றால் இரண்டு பேர் ஊட்டி. மைசூரா கொடைக்கானலா என்றால் இரண்டு பேர் மைசூர். அப்படியானால் கொடைக்கானலை விட ஊட்டிதானே மேல்? கேட்டுப் பாருங்கள், இரண்டு பேர் கொடைக்கானல் என்பார்கள்! கிரிவலம் மாதிரி கிளம்பின இடத்துக்கே வந்துவிடும். ஆனா கிரிவலத்துல புண்ணியமாவது கிடைக்கும், இதுல ஒண்ணும் கிடைக்காது. இதைப் பிரெஞ்சு அறிஞர் காண்டோர்சே 1785-லேயே எழுதிவிட்டார். எல்லோருடைய விருப்ப வரிசைகளையும் நியாயமாகக் கூட்டி, ஒரு குறையும் இல்லாத ஒரே பொது வரிசை தரும் விதி எதுவும் இருக்கமுடியாது என்பதை அமெரிக்காவில் கென்னத் ஆரோ 1951-ல் நிரூபித்தார். 1972-ல் நோபல் பரிசும் பெற்றார். இத்தனைக்கும் அவர்கள் கணக்கில் ஒவ்வொருவனுக்கும் தன் மனசு தெளிவாகத் தெரியும் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிஜத்தில் அதுவும் கிடையாது.

மனசு தெளிவில்லாத நிலையில் என்ன செய்வது? அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் டெல்ஃபி என்று ஒரு முறையை உருவாக்கினார்கள். அதைப் பற்றி டால்கி, ஹெல்மர் என்ற இருவர் எழுதிய கட்டுரை 1963-ல் வந்தது. நிபுணர்களை ஒரே அறையில் உட்காரவைக்காமல் தனித்தனியே கேட்பது. மற்றவர்கள் சொன்னதைப் பெயர் சொல்லாமல் எல்லோருக்கும் தெரிவிப்பது. பிறகு திரும்பவும் கேட்பது. இரண்டாம் சுற்றில், மூன்றாம் சுற்றில் கருத்துகள் ஒன்றையொன்று நெருங்கி வரும். காமராஜர் அந்தக் கட்டுரையைப் படித்திருக்க வழியில்லை. ஆனால் தனித்தனியே கேள், பெரியவன் குரல் சின்னவன் குரலை அமுக்க விடாதே என்ற சூத்திரம் அவர் கையில் இருந்தது.

சரி, முடிவுக்கு வருவோம். பெரும்பாலோர் மனம் சாஸ்திரி பக்கம் என்று காமராஜர் கண்டார். மொரார்ஜிக்கும் தெரிவிக்கப்பட்டது. 1964 ஜூன் 2-ம் தேதி காங்கிரஸ் பாராளுமன்றக் கட்சி கூடியபோது சாஸ்திரியின் பெயரை முன்மொழிந்தவர் தற்காலிகப் பிரதமர் நந்தா. வழிமொழிந்தவர் யார் தெரியுமா? மொரார்ஜி தேசாயேதான்! ஏகமனதாகத் தேர்வு. நேரு மறைந்து ஒரு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. 1954-ல் எதிராளியை மந்திரிசபைக்குள் கொண்டுவந்த அதே கைதான் இங்கேயும் தெரிகிறது.

ஆனால் இதில் ஒரு நெருடல் உண்டு, அதை மறைக்கக்கூடாது. 1963 அக்டோபரில் திருப்பதியில் காமராஜர், அதுல்யா கோஷ், சஞ்சீவ ரெட்டி, நிஜலிங்கப்பா ஆகியோர் சந்தித்துப் பேசியிருந்தார்கள். சிண்டிகேட் என்று பத்திரிகைகள் பேர் வைத்தது இவர்கள் கூட்டத்துக்குத்தான். நேருவுக்குப் பிறகு சாஸ்திரி என்ற சாய்வு அப்போதே அவர்களிடம் இருந்தது. தன் மனதில் ஏற்கெனவே ஒரு பெயரை வைத்திருப்பவர், மற்றவர் மனதைச் சரியாகப் படிக்கமுடியுமா? யார் யாருக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கை எதையும் அவர் வெளியிடவில்லை. அவர் சொன்னார், கட்சி நம்பியது. ஓட்டுப் பெட்டியை யார் வேண்டுமானாலும் திரும்ப எண்ணிப் பார்க்கலாம். இதைத் திரும்ப எண்ணமுடியாது. மொரார்ஜிக்கு அந்தக் குறை மனதில் இருந்தது என்பது அடுத்த தடவை தெரிந்தது.

அடுத்த தடவை சீக்கிரமே வந்தது. 1966 ஜனவரி 11-ம் தேதி தாஷ்கண்டில் சாஸ்திரி காலமானார். காமராஜரையே பிரதமராகும்படி அதுல்யா கோஷ் போன்றவர்கள் வற்புறுத்தினார்கள். இந்தியும் தெரியாமல் ஆங்கிலமும் சரளமாக வராமல் இந்த நாட்டை எப்படி நடத்துவது என்று அவர் மறுத்துவிட்டார். எல்லார் குரலையும் கேட்டவருக்குத் தன் குரல் எதுவரை எட்டும் என்பதும் தெரிந்திருந்தது. இந்திரா காந்தி பக்கம் அவர் சாய்ந்தார். முதலமைச்சர்களில் பெரும்பாலோர் சேர்ந்தார்கள். இந்தத் தடவை மொரார்ஜி ஒருமித்த கருத்து என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை, ஓட்டு நடக்கட்டும் என்று நின்றுவிட்டார். ஜனவரி 19-ம் தேதி ரகசிய ஓட்டு. இந்திரா 355, மொரார்ஜி 169. காமராஜர் ஜெயித்தார் என்று எழுதினார்கள். 169 பேர் கண்ணுக்குத் தெரிந்தார்கள் என்றும் எழுதியிருக்கலாம். 1964-ல் இந்த மாதிரி எத்தனை பேர் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தார்களோ!

டெல்லியில் எல்லோரையும் கேட்டவர் தம்முடைய சொந்த மாநிலத்தில் ஒரு கூட்டத்தைக் கேட்கத் தவறினார். நம்மைப் போன்ற மாணவர்கள்தான் அது. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. துப்பாக்கிச் சூடு, தீக்குளிப்பு, காலவரையின்றிப் பூட்டப்பட்ட கல்லூரிகள். மத்திய மந்திரிகள் சி.சுப்பிரமணியமும் அளகேசனும் ராஜினாமா கொடுத்தார்கள். மொழி விஷயத்தில் அவசரம் கூடாது என்ற பக்கம்தான் காமராஜரும் இருந்தார். ஆனால் மாநிலத்தில் நடந்தது அவருடைய கட்சியின் ஆட்சி. வீதியில் நின்ற மாணவனை யாரும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கவில்லை. அவன் எம்.பி.யும் இல்லை, காரியக் கமிட்டியும் இல்லை. கேட்கவேண்டியவர்கள் பட்டியலிலேயே அவன் பேர் கிடையாது. 1967 தேர்தலில் விருதுநகரில், பிறந்த ஊரில், மாணவர் தலைவராக இருந்த பெ.சீனிவாசனிடம் 1285 ஓட்டு வித்தியாசத்தில் பெருந்தலைவர் தோற்றார். தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சியும் போயிற்று. அதற்கு அரிசித் தட்டுப்பாடு, விலைவாசி, எதிர்க்கட்சிக் கூட்டணி என்று வேறு காரணங்களும் உண்டுதான். இருந்தாலும் ஒரு மாணவன் கையால் வந்த தோல்வி என்பதை மாணவர் மலரில் எழுதாமல் விடமுடியுமா?

அவர் பெருமை பாருங்கள், தோற்ற கையோடு மூலையில் உட்காரவில்லை. 1967 மார்ச்சில் மறுபடி இந்திராவா மொரார்ஜியா என்று தகராறு. இரண்டு பேரும் மோதினால் மெலிந்துபோன கட்சி உடைந்துவிடும். தமக்கே எம்.எல்.ஏ. பதவி இல்லாத நிலையில் காமராஜர் இரண்டு பக்கமும் நடந்தார், மற்றவர்களும் நடந்தார்கள். இந்திரா பிரதமர், மொரார்ஜி துணைப் பிரதமரும் நிதி மந்திரியும் என்று உடன்பாடு. ஓட்டு இல்லாமல் முடிந்தது. இதையும் ஒருமித்த கருத்து என்றுதான் சொன்னார்கள். என்னைக் கேட்டால் இது வேறு ஜாதி. 1964-ல் பலருடைய மனதிலிருந்து ஒரு பெயரைக் கடைந்து எடுத்தார்கள். 1967-ல் இரண்டு பேருக்கு இடத்தைப் பங்கிட்டார்கள். பங்கிட்டது இரண்டு ஆண்டுகூட நன்றாக ஓடவில்லை.

1969 தொடக்கத்தில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து காமராஜர் மக்களவைக்குப் போனார். அந்த ஆண்டு குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் மறைந்தார். காங்கிரஸ் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்ய ஜூலையில் பெங்களூரில் கட்சியின் பார்லிமெண்டரி போர்டு கூடியது. விரல் விட்டு எண்ணக்கூடிய சில பேர்தான். இந்திராவுக்கு ஜகஜீவன்ராம் மேல் விருப்பம். மற்றவர்கள் சஞ்சீவ ரெட்டி என்றார்கள். காமராஜரும் ரெட்டி பக்கம். உட்கார்ந்து பேசி இருவரும் ஒத்துக்கொள்ளும் மூன்றாவது பேரைத் தேடவில்லை. ஓட்டுக்கு விட்டு, பெரும்பான்மையில் ரெட்டி என்று முடித்தார்கள். பிரதமர் தோற்றுவிட்டார்!

ஐந்நூறு பேரைப் பொறுமையாகக் கேட்டவர், சில பேரே இருந்த கூட்டத்தில் ஏன் பொறுமை இழந்தார்? இந்திரா கைமீறிப் போகிறார் என்ற கவலை, சிண்டிகேட் நண்பர்களின் நெருக்கம், வயது என்று பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். 1964-ல் அவர் நடுவில் உட்கார்ந்து கேட்டார். 1969-ல் அவரே ஒரு கட்சிக்காரராகிவிட்டார். ஒரு பக்கத்தில் நின்றுகொண்டு இரு பக்கத்தையும் கேட்கமுடியாது.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். சுயேச்சையாக நின்ற வி.வி.கிரியை இந்திரா மறைமுகமாக ஆதரித்தார். மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று உறுப்பினர்களுக்கு அறிவித்தார். குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்காளர் ஒரு பெயரை மட்டும் குறித்துவிட்டு வரலாம். விரும்பினால் இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையும் எழுதலாம். முதல் விருப்ப ஓட்டு மதிப்பில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சுதந்திரா, ஜனசங்கம் ஆதரித்த சி.டி.தேஷ்முக்குக்கு 1,12,769. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. ஆகவே தேஷ்முக்கின் ஓட்டுச்சீட்டுகளையும், பின்தங்கிய மற்றவர்களின் சீட்டுகளையும் எடுத்து, அவற்றில் இரண்டாவதாக யார் பேர் இருக்கிறது என்று பார்த்தார்கள். ரெட்டி பக்கமே அதிகம் போயின. அப்படியும் எட்டவில்லை. கடைசியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. மனிதருக்கு ஒரே ஒரு விருப்பம்தான் உண்டு என்று நினைத்து எண்ணினால் ஒரு நாடு எப்படியிருக்கும், இரண்டாவது விருப்பத்தையும் கேட்டால் எப்படியிருக்கும் என்பதை அந்த ஆகஸ்ட் 20-ம் தேதி எல்லோரும் ரேடியோவில் கேட்டார்கள். நவம்பரில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. காமராஜர் பழைய காங்கிரஸில் நின்றார்.

உடைந்ததை ஒட்டவைக்கக் கடைசிக் காலத்தில் பேச்சு நடந்தது, முடியவில்லை. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. கூட இருந்த பழைய நண்பர்கள் பலர் சிறையில். முதல் தடவை பிரதமராக அவரே கொண்டுவந்த இந்திராவின் ஆட்சிதான் அது. கேட்பதற்கு யாரும் வராத காலம். பேசினால் யாரும் அச்சிடாத காலம். அந்த ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி, காந்தி ஜெயந்தியன்று, சென்னை தியாகராய நகரில் அவர் குடியிருந்த வாடகை வீட்டில் உயிர் பிரிந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் இதே தேதியில்தான் முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கியிருந்தார். அடுத்த ஆண்டு பாரத ரத்னா விருது அறிவித்தார்கள்.

வீட்டில் அவர் விட்டுப்போனவை சில கதர் வேட்டி சட்டைகள், புத்தகங்கள், கொஞ்சம் ரூபாய். 1964-ல் அந்தச் சில நாட்களில் யார் வந்து யார் பேரைச் சொன்னார்கள் என்ற கணக்கு மட்டும் அவரோடேயே போய்விட்டது.